கோட்டைக்குச் சாவி யாரிடம்?

ஆலங்குளம் என்றதும் பலர் தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தைத்தான் நினைத்துக்கொள்வார்கள். அது ஒரு சட்டசபைத் தொகுதிக்கே பெயர் கொடுத்த பெரிய ஊர். நான் சொல்ல வந்தது எங்கள் ஆலங்குளத்தைப் பற்றி. சிவகாசிக்கும் ராஜபாளையத்துக்கும் இடையில், சற்றுத் தெற்கே தள்ளி, கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. சர்க்கார் சிமெண்டு ஆலையை வைத்துத்தான் வெளியூர்க்காரர்களுக்கு அதன் பெயர் தெரியும். தேர்தல் கணக்கில் அது சாத்தூர்த் தொகுதியைச் சேர்ந்தது.

2019-ஆம் வருஷம் மே 23-ஆம் தேதி நான் அங்கே இருந்தேன். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தலில் இருந்ததைவிட டீக்கடையில்தான் கூட்டம் அதிகம். கடையில் ஒரு டெலிவிஷன். அதில் வோட்டு எண்ணிக்கை. மாப்பிள்ளையின் சித்தப்பாவே தாம்பூலத் தட்டை யார் கையிலோ கொடுத்துவிட்டு அங்கே வந்து நின்றுவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் சாமானியமானதல்ல. 2017 செப்டம்பரில் சபாநாயகர் 18 சட்டசபை அங்கத்தினர்களின் பதவியைப் பறித்தார். சாத்தூர் அங்கத்தினரும் அவர்களில் ஒருவர். வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் சபாநாயகர் செய்தது சரியே என்றார். வேறு காரணங்களால் காலியான இடங்களையும் சேர்த்து மொத்தம் 22 இடங்களுக்கு இடைத் தேர்தல். 234 பேர் கொண்ட சபையில் ஆட்சி நடத்த 118 பேர் வேண்டும். ஆளும் அ.தி.மு.க.வுக்கு அந்தக் கணக்கு இடிக்கும் நேரம். சாத்தூர் ஜனங்கள் தங்களுக்கு ஒரு பிரதிநிதியை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. கோட்டையில் இருந்த மந்திரிசபையின் ஆயுளையும் சேர்த்து நிர்ணயித்தார்கள்.

நம் நாட்டில் இடைத் தேர்தல் என்றால் முடிவை முன்கூட்டியே எழுதிவிடலாம் என்பது வழக்கம். மந்திரிகள் வந்து தெருத் தெருவாக முகாம் போடுவார்கள். பக்கத்துத் திருமங்கலத்தில் 2009 ஜனவரியில் ஆளும் கட்சி 39 ஆயிரத்துச் சொச்சம் வோட்டு வித்தியாசத்தில் ஜயித்ததை இந்தப் பக்கத்துக் குழந்தைகூடச் சொல்லும். அத்துடன் இது இரட்டை இலைக்குப் பழக்கப்பட்ட பூமி. எம்.ஜி.ஆர். 1977-இல் முதல் மந்திரியானது பக்கத்து அருப்புக்கோட்டையின் அங்கத்தினராகத்தான். 2011, 2016 இரண்டு தேர்தல்களிலும் சாத்தூரில் இலைதான் வென்றது. ஆகவே கோட்டை என்றார்கள்.

அந்தக் கோட்டைதான் அன்று டீக்கடையில் மணிக்கு மணி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு சுற்றில் இலை முந்தும். அடுத்த சுற்றில் சூரியன் நெருங்கும். முடிவில் அ.தி.மு.க. அபேட்சகர் ராஜவர்மன், தி.மு.க. அபேட்சகர் சீனிவாசனைத் தோற்கடித்தார். வித்தியாசம் 456 வோட்டு!

லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வோட்டுப் போட்ட தொகுதியில் 456 என்பது என்ன? 229 பேர் மனசு மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். 228 பேர் மாறியிருந்தால் இருவரும் சமம். சட்டப்படி திருவுளச் சீட்டுப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. அதே ஏப்ரல் 18-ஆம் தேதி, அதே வாக்குச் சாவடியில், அதே ஜனங்கள் இன்னொரு யந்திரத்திலும் பொத்தானை அமுக்கினார்கள். அது பார்லிமெண்டுக்கு. விருதுநகர்ப் பார்லிமெண்டுத் தொகுதியில் தி.மு.க. அணியின் காங்கிரஸ் அபேட்சகர் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜயித்தார். அந்த யந்திரத்தில் இலைச் சின்னம் கிடையாது. அந்த அணியின் சார்பில் முரசுதான் நின்றது. சட்டசபை யந்திரத்தில் இலை இருந்தது. இலையிலிருந்து பிரிந்து போனவர்களின் பரிசுப் பெட்டியும் இருந்தது. பதவி பறிபோன பழைய அங்கத்தினரே அந்தப் பெட்டியுடன் நின்றார்.

வேறொரு கவலையும் ஜனங்களுக்கு இருந்தது. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, பேரியம் உப்பைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது, பசுமைப் பட்டாசே செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தன. திரி கிள்ளியும் மருந்து செலுத்தியும் சாப்பிடுகிற குடும்பங்களுக்கு அந்தத் தைப்பொங்கல் எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான் இரண்டு யந்திரங்களுக்கு முன்னால் நின்று, இரண்டு கேள்விகளுக்கு இரண்டு பதில் சொன்னார்கள். "இவர்கள் சொன்னபடி போடுகிறவர்கள்" என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் இருந்தார். முடிவு வந்ததும் எல்லோரும் கூச்சல் போட, அவர் மட்டும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இதென்ன தம்பி பிரமாதம்? அறுபத்தேழுல நான் விருதுநகர்ல மூட்டை தூக்கிட்டிருந்தேன். ஐயா தோத்த அன்னைக்கு ஊரே சாப்பிடலை" என்றார்.

"நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

காமராஜர் 1957-இலும் 1962-இலும் இதே சாத்தூரில் நின்று வென்றவர். இது கோட்டை என்றால் அன்று அவருடைய கோட்டை. 1967-இல் சொந்த ஊரான விருதுநகரில் நின்றார். விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்ததால் ஊர் ஊராகச் சுற்ற முடியவில்லை. மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன் 1,285 வோட்டு வித்தியாசத்தில் அவரைத் தோற்கடித்தார். 643 பேர் மாறியிருந்தால் சரித்திரம் வேறு. 1969-இல் ஓர் இடைத் தேர்தலில் நாகர்கோவில்தான் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது.

2019-இல் 22 இடங்களில் ஒன்பதை வென்று ஆட்சி பிழைத்தது. தி.மு.க. 13 இடங்களைப் பிடித்தது. இரண்டு வருஷம் கழித்து 2021-இல், 456-இல் வென்றவருக்கே கட்சி இடம் தரவில்லை. அவர் பரிசுப் பெட்டிக்காரர்களின் கட்சியில் சேர்ந்து நின்றார். சாத்தூர் அவரையும் இலையையும் விட்டுவிட்டு ம.தி.மு.க. அபேட்சகரைத் தேர்ந்தெடுத்தது. கோட்டைக்குச் சாவி கட்சிகளிடம் இல்லை. அது ஜனங்களின் இடுப்பு முடிச்சில் இருக்கிறது. அவர்கள் அதை இரவல் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் அப்போது ஆலங்குளத்து வாக்காளர் ஜாபிதாவில்தான் இருந்தது. ஏப்ரலில் ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்று சென்னையிலேயே தங்கிவிட்டேன். மே மாதம் கல்யாணச் சாப்பாட்டுக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிட்டது. டீக்கடையில் எல்லோரும் 456, 456 என்று சொன்னபோது, நான் தலையைக் குனிந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.