ஒரே வாசகம், பல கற்கள்: பரங்கிமலைச் சிலுவைக் கல்வெட்டும் பாரசீகக் குடியேற்ற வாதமும்

பரங்கிமலைச் சிலுவைக் கல்லைச் சுற்றி ஓடும் பஹ்லவி (இடைக்காலப் பாரசீக) வாசகம் அந்தக் கல்லுக்கு மட்டும் உரியதன்று. கோட்டயம் வலியபள்ளியிலும், கடமற்றம், முட்டுச்சிற, ஆலங்காடு ஆகிய ஊர்களின் பழைய தேவாலயக் கற்களிலும் அதே வாசகம் உண்டு. இவற்றை வைத்து ஆய்வாளர்களில் ஒரு சாரார் நெடுங்காலமாக ஒரு வரைபடம் தீட்டி வருகின்றனர். கல் கிடைத்த ஊர்தோறும் ஒரு பாரசீகக் கிறித்தவக் குடியேற்றம் இருந்தது; கற்கள் யாவும் ஏறத்தாழ ஒரே காலத்தவை; அவற்றை நிறுவியவர்கள் பஹ்லவி படித்தறிந்த வணிகர்கள் என்பன அவ்வரைபடத்தின் அடிப்படைகள். இம்மூன்றும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை என்பது இக்கட்டுரையின் வாதம். வாசகம் சொல்லும் செய்தி ஒரு தனிமனிதருடையது. கற்களோ பல. இந்த முரணுக்கு விடை காணாமல் கற்களை எண்ணிக் குடியேற்றங்களைக் கணக்கிடுவது கல்வெட்டியல் முறையாகாது.

வாசகத்தின் வரலாறு

1547இல் போர்த்துக்கீசியர் மலையுச்சியில் கோயிலுக்கு அடித்தளம் தோண்டியபோது இக்கல் வெளிப்பட்டது. எழுத்தை அடையாளம் காண முடியாத நிலையில், 16ஆம் நூற்றாண்டிலேயே உள்ளூர் அந்தணர் ஒருவர் அழைக்கப்பட்டு, திருத்தூதர் தோமாவின் வருகையையும் மரணத்தையும் கூறும் நீண்ட கதை அதிலிருந்து ‘படிக்கப்பட்டது’. ஒரு கைப்பிடி எழுத்துகளிலிருந்து அத்தனை நீளமான கதையைக் கறந்த அந்த வாசிப்பை இங்கே மேலும் ஆராயத் தேவையில்லை.

எழுத்து பஹ்லவி என்பதை நிறுவி, முறையான வாசிப்பை 1873இல் வெளியிட்டவர் ஆர்தர் பர்னல். அவருக்கு இது ஓர் இறையியல் கூற்று: சிலுவையில் பாடுபட்டவரே மெய்யான மெசியா, மேலான கடவுள் என்ற பொருள் அவருக்குக் கிடைத்தது. அடுத்து மார்ட்டின் ஹாக், வெஸ்ட் ஆகியோர் வேறுவேறு வாசிப்புகளைத் தந்தனர். வாசகத்தின் நடுவே வரும் சிறு சிலுவைக்குறி அதை நீண்ட பகுதி, குறுகிய பகுதி என இரண்டாகப் பிரிக்கிறது. எதை முதலில் படிப்பது என்பதிலேயே கருத்தொற்றுமை இல்லாதபோது பொருளில் ஒற்றுமையை எதிர்பார்க்க முடியாது.

1930இல் வின்க்வொர்த் வெளியிட்ட வாசிப்பே திருப்புமுனை. இது கோட்பாடு அன்று, வேண்டுதல் என்றார் அவர்: ஆண்டவராகிய கிறித்து, இதைச் செதுக்கிய இன்னார் மகன் இன்னார்மீது இரங்க வேண்டும் என்ற அளவே செய்தி. தந்தையின் பெயர் சஹார்புக்த் என்பதைப் பின்வந்தோர் பெரும்பாலும் ஏற்றனர். மகனின் பெயரில்தான் சிக்கல். அஃப்ராஸ் என்றார் வின்க்வொர்த். பின்னர் சபரீசோ என்றும் கப்ரியேல் என்றும் படிக்கப்பட்டது. இறுதி வினையும் ‘செதுக்கிய’, ‘செய்வித்த’, ‘கொணர்ந்த’ எனக் கைமாறிக்கொண்டே வருகிறது.

இந்த மாறுபாடுகளைக் காட்டி, எந்த வாசிப்பும் நம்பத்தக்கதன்று என்று வாதிடுவோர் உண்டு. பஹ்லவியின் இயல்பை அறிந்தவர் அப்படிச் சொல்லத் தயங்குவார். பிற்காலப் பஹ்லவியில் ந, வ, ர ஆகிய ஒலிகளுக்கு ஒரே கோடு. க, த, ய ஆகியவற்றுக்கும் ஒரே வடிவம். போதாக்குறைக்கு, சில சொற்களை அரமேய மொழியில் எழுதிப் பாரசீகத்தில் வாசிக்கும் மரபும் உண்டு. நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி கிடையாது, எகர ஏகார வேறுபாடு கிடையாது, ரகரமும் காலும் ஒன்றுபோலவே நிற்கும்; ஆயினும் பதிப்பாசிரியர் சூழலைக் கொண்டு பாடத்தை நிறுவிவிடுகிறார். சூழல் கைகொடுக்காத இடம் இயற்பெயர் ஒன்றுதான். சிலுவைக் கல்வெட்டிலும் ஐயம் சரியாக அங்கேயே நிற்கிறது. பெயர் உறுதிப்படவில்லை என்பதால், அந்த இடத்தில் இருப்பது ஒரு பெயர் என்பதே பொய்யாகிவிடாது. இதை மானிகேயர் சிலுவை என்று கூறும் வாதமும், கிறித்துவிடம் இரக்கம் வேண்டும் இவ்வாசகத்தின் முன் நிற்காது.

பெயர் ஒன்று, ஊர் பல

வேண்டுதல் வாசிப்பை ஏற்போர் அதன் விளைவை முழுமையாக ஏற்கவில்லை என்பதே என் குறை. கோட்பாட்டு வாசகம் என்றால் அதைப் பத்து ஊரிலும் பொறிக்கலாம். அது சமூகத்துக்குப் பொதுவானது. சஹார்புக்தின் மகனுக்காகச் செய்யப்பட்ட வேண்டுதல் அப்படியன்று. சோழமண்டலக் கரையில் ஒரு மலையிலும், மலைத்தொடருக்கு அப்பால் கேரளத்தில் நான்கு ஊர்களிலும் அதே தந்தை, அதே மகன், அதே வேண்டுதல் எப்படி வந்தன?

விடைகள் இரண்டே. ஒன்று, அந்த மனிதரே எல்லாக் கற்களையும் செய்வித்தார். அல்லது, ஒரு கல் மூலமாக நிற்க, மற்றவை அதைப் பார்த்துப் படியெடுக்கப்பட்டவை.

முதல் விடையை முற்றாகத் தள்ளிவிட முடியாது. பல கோயில்களுக்குக் கொடையளித்த வணிகர்களை நாம் அறிவோம். ஆனால் அத்தகைய கொடையாளர் ஊர்தோறும் ஊரின் பெயரையோ, கொடையின் விவரத்தையோ சேர்ப்பது வழக்கம். இங்கே ஒரு சொல்கூடக் கூடவில்லை. ‘இதை’ என்று ஒற்றைப் பொருளைச் சுட்டும் சொல்லும் எல்லாக் கற்களிலும் அப்படியே தொடர்கிறது. மேலும் கற்களின் வேலைப்பாடு ஒரே பட்டறையைக் காட்டவில்லை. எனவே இரண்டாம் விடையே வலுவானது எனக் கொள்கிறேன்.

இந்த முடிவுக்கு வாசிப்பின் துணை வேண்டியதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மகனின் பெயர் சபரீசோவோ கப்ரியேலோ, எழுத்துவரிசை ஒன்றே என்பதைப் பஹ்லவி அறியாத கண்ணும் காணும். பர்னலின் வாசிப்பே சரி என்று நாளை எவரேனும் மெய்ப்பித்தாலும், சொல் மாறாத படியெடுப்பு என்ற உண்மை மாறாது.

கல்லின் அமைப்பு சொல்வது

பரங்கிமலைக் கல்லின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நடுவில் புடைப்பாகச் சிலுவை. அதன் முனைகள் மொட்டுகளாக விரிகின்றன. மேலிருந்து ஒரு புறா இறங்குகிறது. அடியில் படிகள், சிலுவையின் காலிலிருந்து இருபுறமும் இலைகள் சுருண்டெழுகின்றன. பக்கத் தூண்களின்மேல் மகரங்கள். அவற்றின் வாயிலிருந்து புறப்படும் வளைவு சிலுவைக்கு மேலே தோரணமாகிறது. வாசகம் அந்தத் தோரணத்தை ஒட்டிய பட்டையில் ஓடுகிறது.

இந்த மகரதோரணம் தென்னிந்தியக் கோயில் சிற்பியின் கைப்பழக்கம். பாரசீகத்திலிருந்து வந்த கைவினைஞர் அதைச் செய்திருக்க முடியாது என்று சொல்ல நான் துணியவில்லை. ஆனால் உள்ளூர்ச் சிற்பியின் உளி என்று கொள்வதே இயல்பு. அவர் அன்றாடம் பொறித்தது இடமிருந்து வலம் செல்லும் எழுத்து. பஹ்லவியோ வலமிருந்து இடம் செல்வது. ஆகவே மூலக்கல்லிலேயே, எழுதத் தெரிந்த ஒருவர் தந்த படிவத்தைப் பார்த்து, எழுதத் தெரியாத ஒருவர் வெட்டியிருக்கிறார். எழுத்து அலங்காரப் பட்டையின் பகுதியாக மாறும் வழி அங்கேயே திறந்துவிட்டது. அடுத்த சிற்பி அந்தக் கல்லைப் படியெடுக்கும்போது மகரத்தையும் இலையையும் போல எழுத்தையும் படியெடுப்பார். அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று அவர் கேட்க வேண்டிய தேவை இல்லை.

கோட்டயத்துச் சிரியாக் வரி

படியெடுப்பு என்பதற்கு நேரடிச் சான்று கோட்டயத்தில் கிடைக்கிறது. வலியபள்ளியில் உள்ள இரு கற்களில் ஒன்றில் பஹ்லவியோடு சிரியாக் மொழியிலும் ஒரு வரி இருக்கிறது. அது புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய மடலின் 6ஆம் அதிகாரத்தில், சிலுவையைத் தவிர வேறெதையும் குறித்து மேன்மை பாராட்டேன் என்னும் கருத்துடைய 14ஆம் வசனம். சிரியாக் எழுத்தமைதியைக் கொண்டு இக்கல்லை 10ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கொள்வர்.

இதை இருமொழிக் கல்வெட்டு என்று எளிதாகக் கடந்துவிடுகின்றனர். இருமொழிக் கல்வெட்டின் இலக்கணம் என்ன? வேல்ஸ் நாட்டின் தொடக்ககாலக் கிறித்தவக் கற்கள் நல்ல ஒப்பீடு தருகின்றன. கஸ்டெல்த்வீரன் தேவாலய வளாகத்தில் கிடைத்த கல்லில் இலத்தீனில் ஒரு மனிதரின் பெயர். அதே பெயர் ஓகம் எழுத்தில் கல்லின் ஓரத்திலும். இரு சாராரும் ஒரே செய்தியைப் படிக்க வேண்டும் என்பதற்காக அது இருமுறை எழுதப்பட்டது. அந்நாட்டு நினைவுக் கற்களில் கல்லுக்கொரு பெயர் வருவதால், அங்கே கற்களைக் கொண்டு மனிதர்களை எண்ணுவதும் தகும்.

கோட்டயத்தில் நிலைமை நேர்மாறு. சிரியாக் வரி பஹ்லவி வரியின் மொழிபெயர்ப்பு அன்று. முன்னது சிலுவையைப் பற்றியது. பின்னது ஒரு தனிமனிதருக்கான வேண்டுதல். வழிபாட்டு மொழியான சிரியாக்கைப் படிக்கத் தெரிந்த ஒருவர், வேறொருவரின் பெயர் பொறித்த வேண்டுதலுக்கு அருகில், அந்தப் பெயரைக் கண்டுகொள்ளாமல், சிலுவை உருவத்துக்குப் பொருத்தமான மறைநூல் வரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். பஹ்லவி அவருக்கு விளங்கியிருந்தால் இத்தேர்வை விளக்குவது கடினம். விளங்கவில்லை என்றால் எல்லாம் இயல்பாகப் பொருந்துகிறது. படிக்க முடியாத பழைய எழுத்தைப் புனிதம் கருதிக் காத்து, படிக்கக்கூடிய வரியைப் பக்கத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

உயிருள்ள பஹ்லவி

பஹ்லவி மக்கள் கையில் வழங்கியபோது எப்படி இருந்தது என்பதற்கு நாள் குறித்த சான்றுகள் நம்மிடம் உண்டு. 849இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேட்டில் சாட்சிகள் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் கையொப்பமிட்டனர். 1009இலும் 1021இலும் மும்பை அருகே கண்ஹேரிக் குகைக்கு வந்த பார்சிகள் தம் பெயர்களையும் தந்தையர் பெயர்களையும் நாளையும் பஹ்லவியில் பொறித்தனர். இரண்டிடத்திலும் ஆளுக்கொரு பெயர். படிக்கத் தெரிந்தவர் எழுதும்போது நேர்வது இதுவே: தம் பெயரை எழுதுவார், பிறர் பெயரைப் படியெடுக்க மாட்டார். கடமற்றத்திலும் முட்டுச்சிறயிலும் பஹ்லவி அறிந்த பாரசீகர் கல் நாட்டியிருந்தால், சஹார்புக்தின் மகனைத் தவிர வேறொரு பெயராவது நமக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

எழுத்து இருக்கும் இடத்தில் அம்மொழி பேசும் மக்கள் இருந்திருக்க வேண்டும் என்ற எதிர்வாதம் நீண்ட மறுப்பைக் கோரவில்லை. கன்னட நாட்டுக் கோலாரம்மன் கோயிலின் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளைக் கொண்டு அன்றைய கோலாரில் எத்தனை வீட்டில் தமிழ் பேசினார்கள் என்று யாரும் கணக்கிடுவதில்லை. அவை அரசின் ஆணை மொழியைக் காட்டுகின்றன. சிலுவைக் கற்களின் பஹ்லவி மூலக்கல்லின் மதிப்பைக் காட்டுகிறது.

மூலம் எது? காலம் எது?

பரங்கிமலைக் கல்லே மூலமா? அப்படிக் கருதவே என் மனம் சாய்கிறது. தோமாவின் நினைவோடு இணைந்த திருத்தலத்தின் சிலுவையைப் பிற ஊரார் படியெடுக்க விரும்புவது எதிர்பார்க்கத்தக்கதே. சிற்றூர்ச் சிலுவையைப் பரங்கிமலைக்குக் கொண்டுவந்து படியெடுக்கும் காரணம் அவ்வளவு எளிதில் புலப்படாது. ஆனால் இது நிகழ்தகவு சார்ந்த வாதம். அழிந்துபோன ஒரு கேரளக் கல் மூலமாக இருந்திருக்க இடமுண்டு. எதுவாயினும் என் முதன்மை முடிவு குலையாது.

காலக்கணிப்பில்தான் விளைவு பெரிது. பஹ்லவி எழுத்தமைதியை வைத்து இக்கற்களுக்கு 7ஆம் நூற்றாண்டு முதல் 9ஆம் நூற்றாண்டு வரை காலம் கூறப்பட்டு வந்துள்ளது. படியெடுத்த கல்லின் எழுத்தமைதி மூலத்தின் காலத்தையே காட்டும். படியெடுத்த நாளைக் காட்டாது. சிற்பி எழுத்தை வரைகிறாரே தவிர எழுதுவதில்லை; ஆகவே அவருடைய காலத்து எழுத்துவழக்கு அதில் நுழைவதற்கு வழியில்லை. கேரளக் கற்களுக்குப் பஹ்லவி எழுத்தமைதி கொண்டு கூறப்பட்ட காலங்கள் இதனால் ஆதாரம் இழக்கின்றன. அவற்றின் காலத்தை மகரத்தின் வடிவம், இலைச் சுருள், தூண்களின் அமைப்பு ஆகிய சிற்பக் கூறுகளைக் கொண்டே தனித்தனியாகக் கணிக்க வேண்டும்.

பாரசீகக் கிறித்தவர் இங்கு வாழ்ந்ததை இவ்வாதம் மறுப்பதாகக் கொள்ளக் கூடாது. 6ஆம் நூற்றாண்டுப் பயணியான காஸ்மாஸ் இலங்கையில் அவர்களைக் குறிப்பிடுகிறார். 1912இல் அனுராதபுரத்தில் கிடைத்த இலைச் சிலுவை அதற்குத் துணை நிற்கிறது. 849ஆம் ஆண்டுச் செப்பேடு ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை. மறுக்கப்படுவது எண்ணிக்கை மட்டுமே. இக்கற்கள் யாவும் சேர்ந்து ஒரு பாரசீகரின் இருப்புக்குச் சான்றாகின்றன. படியெடுத்த கற்கள் சான்றாவது வேறொன்றுக்கு: தமக்குப் படிக்கத் தெரியாத எழுத்தைக்கூட விடாமல் வெட்டச் செய்த உள்ளூர்த் திருச்சபைகளின் பக்திக்கு. பாரசீகக் குடியேற்ற வரைபடத்திலிருந்து அவ்வூர்களை நீக்கி, மலையாளக் கிறித்தவத்தின் சிலுவை வழிபாட்டு வரைபடத்தில் சேர்ப்பதே முறை. அடுத்த பணி, எல்லாக் கற்களின் வாசகங்களையும் எழுத்துக்கு எழுத்து நிரல்படுத்தி, எந்தக் கல்லின் திரிபு எந்தக் கல்லுக்குப் போயிற்று என்று கிளைவழி காண்பது. சுவடிப் பதிப்பில் நமக்கு நன்கு பழகிய முறைதான் அது. கல்லுக்கும் அதைப் பயன்படுத்தத் தடையேதுமில்லை.