தகரப் பேணியும் பிறேக் கம்பியும்

சைக்கிள் பிறேக் கம்பியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பல மெல்லிய உருக்கு இழைகளை முறுக்கிச் செய்தது. முறுக்கைத் தளர்த்தி ஒரு இழையை உருவி, ஒரு தடியின் இரண்டு தலைப்பிலும் இழுத்துக் கட்டி, அடிப்பக்கத்தில் வெறும் தகரப் பேணி ஒன்றைப் பொருத்திவிட்டால் போதும். விரலால் சுண்டினால் கம்பி அதிரும், பேணி அந்த அதிர்வை வாங்கிப் பெருப்பித்துத் திருப்பித் தரும். கம்பியை இழுத்துக் கட்டக் கட்டச் சுருதி ஏறும். ஆபிரிக்காவில், மாலி நாட்டின் வடகோடியில் பிறந்த இப்ராகிம் அக் அல்ஹபீப் என்ற சிறுவன் தன் முதல் கிற்றாரை இந்த மூன்று சாமானையும் வைத்துத்தான் செய்தான். எங்கேயோ காட்டிய கௌபோய் படமொன்றில் ஒரு குதிரைக்காரன் கிற்றார் வாசித்ததைப் பார்த்திருந்தான். அதைப்போல ஒன்று தனக்கும் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அந்தப் பேணியிலிருந்து வந்த இசைக்குழுவின் பெயர் தினாரிவென். இன்றைக்கு உலகம் முழுக்க மேடையேறும் றொக் குழு. அவர்களைப் பற்றி வன்னியிலிருந்து எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் பிறந்த கதையில் வருகிற சாமான்களில் பாதிக்கு மேல் எங்கள் வீடுகளிலும் கிடந்தவை.

முதலில் அவர்களுடைய வடக்கைச் சொல்லவேண்டும். மாலிக்குச் சுதந்திரம் கிடைத்தது 1960இல். தலைநகர் பமாக்கோ தெற்கே இருக்கிறது. வடக்கே சகாராப் பாலை, அதற்குள் ஒட்டகமும் ஆடும் மேய்த்துத் திரிந்த துவாரெக் மக்கள். தங்கள் மொழி, தங்கள் எழுத்து, தங்கள் வழி என்று இருந்தவர்கள். 1963இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது அரசு படையை அனுப்பியது. இப்ராகிமுக்கு அப்போது நாலு வயது. கிளர்ச்சியோடு நின்ற தகப்பனைப் படையினர் கொன்றதை அந்தப் பிள்ளை கண்ணால் கண்டது. 2007இல் வந்த தினாரிவென் இசைத்தட்டில் அந்த ஆண்டையே தலைப்பாக வைத்த பாட்டு ஒன்று உண்டு. நாலு வயதில் கண்டது நாற்பது வயது கடந்தும் பாட்டாகிறது.

குடும்பம் எல்லை தாண்டி அல்ஜீரியாவுக்குப் போனது. முதலில் போர்ஜ் பாஜி மொக்தார் பக்கத்தில் அகதி முகாம், பிறகு தமன்ராசெட் நகரைச் சுற்றியுள்ள வெளி. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த பெரும் வரட்சி மிச்சமிருந்த கால்நடைகளையும் கொண்டுபோனது. ஆடுமாடு போனபிறகு மேய்ச்சல்காரனுக்கு ஊர் ஏது? இளம் பெடியள் வேலை தேடி அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் கால்நடையாகவும் லொறியிலும் போனார்கள். படிப்பில்லை, கடவுச்சீட்டில்லை. கிடைத்த கூலிவேலையைச் செய்து, கிடைத்த இடத்தில் படுத்து எழும்பினார்கள். அப்படி அலைந்தவர்களில் அல்ஹசன் அக் துஹாமி, இன்தெயெதன் அக் அப்லில், அவருடைய சகோதரர் லியா ஆகியோர் இப்ராகிமோடு சேர்ந்தார்கள். 1979இல் அவர்கள் கைக்கு உண்மையான மரக் கிற்றார் ஒன்று கிடைத்தது. தமன்ராசெட்டில் கல்யாண வீடுகளிலும் விருந்துகளிலும் வாசித்தார்கள்.

என்ன வாசித்தார்கள்? பழைய துவாரெக் மெட்டுகள், அரபு ஜனரஞ்சகப் பாட்டுகள், மொரோக்கோவின் நாஸ் எல் கீவான் குழு பாடிய எதிர்ப்புப் பாட்டுகள், அல்ஜீரியாவின் ராய் இசை. கசெற்றில் வந்துசேர்ந்த ஜிமி ஹென்ட்ரிக்ஸ், சன்டானா, பொப் மார்லி, போனி எம் எல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்தன. அவர்களுக்கென்று பெயர்கூட இல்லை. சனம்தான் பார்த்து ‘பாலைவனத்துப் பெடியள்’ என்று கூப்பிடத் தொடங்கியது.

இந்த இசையின் வேர் மேலைநாட்டுக் கசெற்றில் மட்டும் இல்லை. துவாரெக் பெண்களிடம் திண்டே என்று ஒரு மேளம் உண்டு. தானியம் இடிக்கிற உரலின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டினால் அதுதான் மேளம். அடிப்பதும் பெண்கள், பாடுவதும் பெண்கள். இம்சாட் என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தை வாசிப்பதும் அவர்களே. பெடியள் செய்தது என்னவென்றால், அந்தக் கைதட்டையும் குலவையையும் ஒருவர் பாடப் பலர் வாங்கிப் பாடுகிற முறையையும் அப்படியே வைத்துக்கொண்டு, மேலே கிற்றாரைப் போட்டார்கள். கீழ்த் தந்தி ஒரே சுருதியில் விடாமல் முழங்கிக்கொண்டிருக்கும். மேல் தந்திகளில் மெட்டு நடக்கும். முதல் தடவை கேட்டபோது எனக்கு வற்றாப்பளைப் பொங்கல் இரவில் தூரத்திலிருந்து கேட்கும் பறையும் உடுக்கும் நினைவுக்கு வந்தன. ஒரே அடி திரும்பத் திரும்ப வந்து ஆளை உள்ளே இழுக்கிற அந்தத் தன்மை இரண்டுக்கும் பொது.

1980இல் லிபியாவின் கடாபி, தன் நாட்டில் அனுமதியின்றி இருந்த துவாரெக் இளைஞர்களை இராணுவப் பயிற்சிக்கு அழைத்தார். பெடியள் போனார்கள். 1985இல் கிளர்ச்சித் தலைவர்கள் இன்னொரு பயிற்சி முகாமுக்கு அழைத்தபோதும் போனார்கள். அங்கேதான் குழு பெருத்தது. பாடத் தெரிந்த, கிற்றார் பிடிக்கத் தெரிந்த பெடியள் பல திசையிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். ஒரு கூரைக்கீழ் தற்காலிகமாக ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றை அமைத்தார்கள். அமைத்துவிட்டு ஒரு விதி வைத்தார்கள்: யார் வெறும் கசெற் கொண்டுவந்தாலும் காசு வாங்காமல் பாட்டைப் பதிந்து கொடுப்பது.

தினாரிவென் பிறந்த நாள் எது என்று என்னைக் கேட்டால், தகரப் பேணியைக்கூட விட்டுவிட்டு இந்த விதியைத்தான் காட்டுவேன். றேடியோ அவர்களைப் போடவில்லை. கடையில் விற்கவில்லை. கசெற்றை வைத்திருப்பதே சில இடங்களில் ஆபத்து. ஆனால் ஒருவன் கொண்டுபோன கசெற் அடுத்த ஊரில் இன்னொரு கசெற்றுக்கு ஏறும், அது ஒட்டகத்திலும் லொறியிலும் எல்லை கடந்து மூன்றாவது கசெற்றுக்கு ஏறும். பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடும், குரல் மங்கும். ஆனாலும் சகாரா முழுக்க அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது. பதிவுக் கம்பனியும் இல்லை, முகவரும் இல்லை. வெறும் கசெற்றோடு வந்தவனே விநியோகத்தர்.

வன்னியில் கசெற்றோடு வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். அழியாமல் இருக்க மேல்மூலையிலுள்ள பிளாஸ்ரிக் பல்லை உடைத்துவிடுவோம், பிறகு மேலே பதிய ஆசை வந்தால் அந்த ஓட்டைக்கு ஒட்டு ஒட்டுவோம். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றி எடுப்போம். 1990 ஜூனில் மறுபடி சண்டை மூண்டதோடு மின்சாரம் போய்விட்டது. பற்றறி தடை, எரிபொருள் தடை, இன்னும் என்னென்னவோ தடை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின, சூப்பியால் துளி பெற்றோல் பீச்சித்தான் ஸ்ரார்ட் எடுப்பது. இரவில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் கையால் பெடல் சுற்ற மற்றவர்கள் சூழ இருந்து பிபிசி தமிழோசை கேட்போம். செய்தி முடிந்ததும் கசெற். சுற்றுகிறவரின் கை களைத்தால் பாட்டும் களைத்துவிடும். ஜானகியின் குரல் இழுபட்டு இழுபட்டு ஆம்பிளைக் குரலாகும். “டேய், ஒழுங்காச் சுத்தடா” என்று அக்காமார் கத்துவார்கள். கை மாறும், ஜானகி திரும்பி வருவார்.

அதே 1990 ஜூனில்தான் மாலியின் வடக்கிலும் மேனகாவில் துவாரெக் கிளர்ச்சி வெடித்தது. தினாரிவென் ஆட்கள் சிலர் துவக்கோடு போனார்கள். 1991 ஜனவரியில் தமன்ராசெட்டில் உடன்பாடு கையெழுத்தானதும் அவர்கள் படையைவிட்டு விலகி முழுநேரமும் இசைக்கு வந்தார்கள்.

இந்த இடத்தில் எங்கள் கதையும் அவர்களுடைய கதையும் பிரிகின்றன. வன்னிக்குப் பாட்டு இல்லாமல் இருக்கவில்லை. கிற்றாரும் தமிழுக்குப் புதிது இல்லை, நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ எப்போதோ வீட்டுக்கு வீடு போய்விட்டது. கோயில் திருவிழா என்றால் விடிய விடியக் கோஷ்டி. திருவிழா மேடைகளில் பாடித் தேர்ந்த எஸ்.ஜி. சாந்தன், போர்க்கால வன்னியின் குரலாகவே ஆனார். 2017 பெப்ரவரியில் அவர் காலமானபோது கிளிநொச்சியில் சனம் திரண்டு அழுதது. எழுதியவர்களிலும் இசையமைத்தவர்களிலும் பாடியவர்களிலும் பெரும் திறமைசாலிகள் இருந்தார்கள்.

ஆனால் அந்தப் பாட்டுகளுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது, அந்த வேலைக்கு வெளியே போக அவற்றுக்கு நேரமும் இடமும் குறைவாகவே கிடைத்தன. களமும் வீரமும் மாவீரர் நினைவும் பாட்டானது போல, மாட்டை அவிழ்த்துவிட்டு நடந்த கிழவரின் மனம் பாட்டாகவில்லை. தறப்பாள் கொட்டிலுக்குள் மழைநீர் ஏறிய இரவு பாட்டாகவில்லை. விரும்பியவள் எந்த முகாமில் என்று தெரியாமல் திரிந்த பெடியனுக்குப் பாட இருந்தது சினிமாப் பாட்டுத்தான். தினாரிவென் பாட்டிலும் தொடக்கத்தில் போர் அழைப்பு இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கூடவே தாகம் இருந்தது, தனிமை இருந்தது, தாயை விட்டு வந்தவனின் ஏக்கமும் அடுத்த தலைமுறைக்குப் படிப்பு இல்லையே என்ற கோபமும் இருந்தன. உடன்பாடு வந்த மறுநாளும் அந்தப் பாட்டுகளுக்கு வேலை இருந்தது. எங்கள் பாட்டுகளோ, போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு பாட முடியாதவையாகிப் போயின. பாடினால் ஆபத்து என்பது ஒரு பக்கம். மறுபக்கம், கேட்டால் நெஞ்சு தாங்காது.

அவர்களுடைய மிச்சக் கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். 1998இல் பிரான்சின் லோஜோ என்ற இசைக்குழு பமாக்கோவுக்கு வந்தபோது தினாரிவென் ஆட்களைச் சந்தித்தது. 2001 ஜனவரியில் பாலைவனத்திலேயே ஒரு இசைவிழாவைச் சேர்ந்து தொடங்கினார்கள். முதல் இசைத்தட்டை ஆங்கிலேயக் கிற்றார்காரர் ஜஸ்டின் ஆடம்ஸ் வந்து பதிந்தார். பதிந்த இடம், கிடால் நகரில் துவாரெக் மொழியில் ஒலிபரப்பிய திஸ்தாஸ் என்ற சின்ன வானொலி நிலையம். மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து. 2007இல் வந்த தட்டின் தலைப்பு ‘தண்ணீரே உயிர்’, இரணைமடுக் குளத்தை நம்பி விதைக்கிறவர்களுக்கு அதற்கு மேல் உரை வேண்டாம். 2011இல் மின்கிற்றாரை ஒதுக்கிவைத்து அல்ஜீரியப் பாலைக்குள் கூடாரமடித்துப் பதிந்த ‘தசீலி’க்கு அடுத்த ஆண்டு கிராமி விருது கிடைத்தது.

விருது கிடைத்த அதே 2012இல் வடக்கு மாலியை ஆயுதக் குழுக்கள் பிடித்தன. அவற்றில் அன்சார் தீன் இசைக்கே தடை போட்டது. 2013 தொடக்கத்தில், கிற்றார்களைக் காப்பாற்றப் போன அப்தல்லா அக் லமீதா என்ற குழு உறுப்பினரை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் விட்டார்கள். சொந்தப் பாலையில் பதிய முடியாமல் அடுத்த தட்டை அமெரிக்காவின் கலிபோர்னியாப் பாலைவனத்தில் போய்ப் பதிந்தார்கள். முதல் தடவை அகதியாக இருந்தபோது கையில் பேணி மட்டும். இந்தத் தடவை குழு முழுதாக இருந்தது.

இன்றைக்குக் கிளிநொச்சியில் இரவு முழுக்கக் கரண்ட் இருக்கிறது. ஏ9 வீதியோரத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்கலாம், கைபேசி வைத்திருக்கிற எந்தப் பெடியனும் தன் குரலைப் பதிந்து அந்த நிமிடமே கனடாவுக்கு அனுப்பலாம். கல்யாண மண்டபங்களில் கிற்றாரும் கீபோர்ட்டும் ட்ரம்சுமாக வருகிற குழுக்களைப் பார்க்கிறேன். பெரும்பாலும் சினிமாப் பாட்டு. அதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. தமன்ராசெட்டில் தினாரிவென்னும் கல்யாண வீட்டில் பிறத்தியாரின் பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தது. அந்த மரக் கிற்றார் கைக்கு வந்ததற்கும் கிடாலில் பதிந்த முதல் தட்டு வெளிவந்ததற்கும் நடுவில் 22 வருடம். முள்ளிவாய்க்காலில் இருந்து கைக்குழந்தையாகத் தூக்கி வரப்பட்ட பிள்ளைகளுக்கு இப்போதுதான் கிற்றார் பிடிக்கிற வயது. அவர்கள் கேட்டு வளர்ந்த கதைகள் வீட்டில் இருக்கின்றன: எந்தக் கிணற்றடியில் யாரை விட்டு வந்தோம், எந்தச் சங்கிலியை எதற்கு விற்றோம், மாத்தளன் கரையில் எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று. அம்மம்மாமாரிடம் கேட்டால் சொல்லுவார்கள். இன்னும் கொஞ்சக் காலத்துக்குத்தான் கேட்கலாம்.