படுகளம்: கொங்கு நாட்டின் அண்ணன்மார் கூத்து

கொங்கு நாட்டுக் கிராமங்களில் அண்ணன்மார் சாமியைத் தெரியாதவர்கள் குறைவு. பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியும் அவர்கள் தங்கை தங்காளும்தான் இந்தக் கதையின் நாயகர்கள். உடுக்கை அடித்துக்கொண்டே பாடுவதால் இதற்கு உடுக்கடிப் பாட்டு என்று பெயர். ஒரே இரவில் முடிகிற கதை அல்ல, பல இரவுகள் தொடரும்!

குன்னுடையாக் கவுண்டருக்கும் தாமரைக்கும் பிறந்த பிள்ளைகள் இவர்கள். வேட்டுவர்களோடு பகை வளர்கிறது. கொம்பன் என்ற காட்டுப்பன்றியை வேட்டையாடுகிறார்கள். கடைசியில் சகோதரர்கள் தங்கள் வாளாலேயே உயிர் விடுகிறார்கள். தங்காள் களத்துக்குத் தேடி வந்து அவர்களைச் சிறிது நேரம் உயிர்ப்பிக்கிறாள்.

இந்தக் கட்டம் வரும்போது பாட்டு கூத்தாக மாறிவிடும். இதைத்தான் படுகளம் என்கிறார்கள். அருள் வந்த ஆண்கள் மைதானத்தில் பிணம் போல் விழுந்து கிடப்பார்கள். பிறகு தீர்த்தம் தெளித்து அவர்களை எழுப்புவார்கள். மணப்பாறை அருகே உள்ள வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது இது நடக்கிறது. கொங்குக் கிராமக் கோயில்கள் பலவற்றிலும் உண்டு.

இதே போன்ற ஒரு காட்சி கடல் கடந்து பாலித் தீவிலும் இருக்கிறது. அங்கே பாரோங் நாடகத்தில் அருள் வந்தவர்கள் குறுவாளைத் தங்கள் மார்பிலேயே குத்திக்கொள்ள முயல்வார்கள். அவர்களையும் புனித நீர் தெளித்துத்தான் தெளிவிப்பார்கள். சுற்றுலாப் பயணிகள் கூட்டம் பெருகியபோது, 1971இல் பாலியில் ஒரு கருத்தரங்கு கூடி, கோயில் ஆட்டம் எது, டிக்கெட் ஆட்டம் எது என்று பிரித்தது. 2015இல் யுனெஸ்கோ பாலி நடனங்களைத் தன் பட்டியலில் சேர்த்தபோதும் புனிதம், பாதிப் புனிதம், பொழுதுபோக்கு என்ற மூன்று வகையாகவே சேர்த்தது.

அண்ணன்மார் கதை வேறு வழியில் வெளியுலகுக்கு வந்தது. 1965இல் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் காங்கேயம் பகுதியில் இதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். கவிஞர் சக்திக்கனல் 1971இல் 'அண்ணன்மார் சுவாமி கதை'யைப் பதிப்பித்தார். பெக்கின் ஆய்வு நூல் 1982இலும், தமிழும் ஆங்கிலமுமான பதிப்பு 1992இலும் வந்தன. கலைஞர் கருணாநிதி 'பொன்னர் சங்கர்' நாவல் எழுதினார், 2011இல் அது சினிமாவும் ஆனது. பெக் தயாரித்த 26 பகுதி கார்ட்டூன் தொடரும் உண்டு.

ஆக, கதை தொலைந்துவிடும் என்ற பயம் இல்லை. ஆனால் பாட்டு? ஒரே பாடகர் கூட்டத்தின் முன் பாடியதும், எழுதிக்கொள்வதற்காகச் சொன்னதும் ஒன்றாக இல்லை என்று பெக்கே காட்டியிருக்கிறார். எதிரே ஊர்ஜனம் உட்கார்ந்திருந்தால்தான் பாட்டு நீளும், அழுகை வரும், அருளும் வரும். புத்தகம் வாங்கிப் படித்தால் அது கிடைக்காது.

பாலி தன் கோயில் ஆட்டத்துக்கு எல்லை வகுத்துக் காத்தது. படுகளத்துக்கு இன்னும் டிக்கெட் இல்லை, அது நல்லதுதான். அங்கே இப்போது தேவைப்படுவது உடுக்கையைக் கையில் எடுக்கிற அடுத்த தலைமுறை. பல இரவுக் கதையை மனப்பாடமாகக் கற்றுக்கொள்ள வருடங்கள் ஆகும். அந்த உழைப்புக்குத் திருவிழாக் கமிட்டிகள் நியாயமான சம்பளம் தந்தால், கற்றுக்கொள்ள இளைஞர்கள் முன்வருவார்கள்.