இரைச்சலும் விண்ணொளியும்

1962 ஜூன் 18 அன்று நியூ மெக்சிகோவிலிருந்து ஏரோபீ ராக்கெட் ஒன்று விண்ணில் பாய்ந்தது. நிலவின் ஊடுகதிர்களை, அதாவது எக்ஸ் கதிர்களைத் தேடுவதே ரிக்கார்டோ ஜியாக்கோனி குழுவினரின் நோக்கம். அண்டக்கதிர்த் துகள்களும் கைகர் எண்ணியில் ஊடுகதிரைப் போலவே துடிப்பை எழுப்பும் என்பதுதான் இடர். ஆகவே எண்ணியை ஒட்டி இன்னோர் உணரியை அமைத்தனர். துகள் இரண்டையும் ஊடுருவிச் செல்லும். ஊடுகதிரோ எண்ணியிலேயே அடங்கிவிடும். இரண்டிலும் ஒருசேர எழுந்த துடிப்புகள் தள்ளப்பட்டன. எளிய உத்திதான், எனினும் இஃதின்றி அன்றைய முடிவை நம்புவது அரிது.

நிலவு தென்படவில்லை. விருச்சிகத் திசையில் வலிய ஊடுகதிர் மூலமொன்று தெரிந்தது. எத்திசை நோக்கினும் மெல்லிய பின்னணி ஒன்றும் எஞ்சியது. கழித்தும் கழியாத அதன் பெரும்பகுதி, தொலைதூர விண்மீன் மண்டலங்களின் நடுவிலுள்ள கருந்துளைகளைச் சூழ்ந்து எழுவதென்பதை, நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி தெளிவாகக் காட்டியது.