நெல்லிக்கனியும் நடுகல்லும்

அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த செய்தியை அறியாத தமிழர் இலர். பள்ளிப் பாடநூல் தொட்டுப் பட்டிமன்ற மேடை வரை அது கொடைக்குச் சான்றாகவே எடுத்தாளப்படுகின்றது. கொடுத்தவன் பெருமையைப் போதிய அளவு பேசிவிட்டோம். பெற்றவர் அக்கனியை உண்டபின் எவ்வாறு வாழ்ந்தார் என்று கேட்டவர் சிலரே. நெடுநாள் வாழ்வது விரும்பத்தக்கதுதானா என்னும் வினாவைப் பழந்தமிழ் எதிர்கொண்ட இடம் அதுவே என்பது என் துணிபு.

செய்திக்கு மூலம் புறநானூற்றின் 91ஆம் பாடல்; திணை பாடாண், துறை வாழ்த்தியல். ஏறுதற்கரிய மலைப்பிளவில் விளைந்த கனி அது. அதன் அருமையையும் எண்ணாது, பயனையும் வெளியிடாது உள்ளத்துள் அடக்கிக்கொண்டு அஞ்சி அதனைத் தந்தான் என்கிறார் ஔவையார். ஏன் மறைத்தான்? சொல்லியிருந்தால் அவர் உண்டிருக்கமாட்டார் என்று அவன் கருதியிருக்கவேண்டும். ஆக, நீண்ட வாழ்வை ஔவையார் கேட்டுப் பெறவில்லை, அறியாமல் உண்டார். அறிந்தபின், நஞ்சை மிடற்றில் நிறுத்திய இறைவனைப் போல நீயும் நிலைபெறுக எனக் கொடுத்தவனை வாழ்த்துகிறார். தமக்குக் கிடைத்த பேறு அவனுக்கு இல்லாது போயிற்றே என்னும் பதைப்பு அந்த வாழ்த்துக்குள் இருப்பதாகவே எனக்குப் படுகின்றது.

வாழ்த்துப் பலிக்கவில்லை. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான், அஞ்சி வீழ்ந்தான். அந்தச் சேரனைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் பாடுகிறார். போரை விரித்துரைத்த தகடூர் யாத்திரையோ நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. கனியை அவனே உண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. மூப்பைத் தடுக்கும் கனி வேலைத் தடுக்குமா?

முனைவர்ப் பட்ட ஆய்வுக்காக நான் கையறுநிலைப் பாடல்களைத் தொகுத்தபோது, 91ஆம் பாடலும் 232ஆம் பாடலும் வெவ்வேறு குறிப்பேடுகளில் கிடந்தன. திணை வேறு, துறை வேறு அல்லவா! பின்னாளில் வகுப்பில் ஒரு மாணவி, "அம்மா, நெல்லிக்கனி உண்ட அதே ஔவையாரா இப்படிப் பாடுகிறார்?" என்று கேட்டாள். ஆய்வேட்டில் நான் காணத் தவறியதை அவள் கண்டுவிட்டாள்.

அந்த 232ஆம் பாடலில், காலையும் மாலையும் இனி இல்லாது போகட்டும், தாம் வாழும் நாளும் இல்லாது போகட்டும் என்கிறார் ஔவையார். சாவு நீங்குமாறு கனி பெற்றவரின் கூற்று இது. நடுகல்லில் மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளை வார்க்கின்றனர். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதனைக் கொள்வானோ என வினவுகிறார். 235ஆம் பாடல் இன்னும் நெஞ்சை அறுப்பது. கள் சிறிதளவே கிடைத்தால் எமக்குத் தருவான், பெரிதளவு கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் உடனிருந்து மகிழ்வான் என்று தொடங்கி, அவன் மார்பில் தைத்த வேல் பாணரின் கலத்தையும் இரப்போர் கையையும் துளைத்துப் புலவர் நாவில் போய் விழுந்தது என்கிறார். நெடுவாழ்வு வெறுத்துப்போனது உடல் தளர்ந்ததனால் அன்று. உடனிருந்து உண்டவன் போனதனால்.

பிரான்சு நாட்டு ஆர்ல் நகரில் 1875இல் பிறந்து 1997இல் மறைந்த ழான் கல்மான் அம்மையாரே மிக நீண்டநாள் வாழ்ந்தவராகப் பதிவு பெற்றவர், 122 ஆண்டுகள். அவருடைய ஒரே மகள் 1934இலும், ஒரே பேரன் 1963இலும் இறந்துவிட்டனர். அதன்பின் அவர் வாழ்ந்தது 34 ஆண்டுகள்.

எனினும் ஔவையாரின் சொல்லை நான் முழுமையாக ஏற்கமாட்டேன். இனிப் பாடுவோரும் இல்லை, பாடுவோர்க்கு ஈவோரும் இல்லை என்கிறார். அதனைப் பாட்டிலேதான் சொல்கிறார். அவர் பிழைத்திராவிட்டால் அஞ்சியின் கள்ளும் கலமும் அன்பும் நமக்கு எவ்வாறு தெரிந்திருக்கும்? அதே 235ஆம் பாடலில், யாரும் சூடாமல் நீர்த்துறையில் கிடக்கும் பகன்றைப் பூவைப் போலப் பிறர்க்கு ஒன்றும் ஈயாது மாயும் உயிர்கள் மிகப் பல என்றும் கூறுகிறார். அவருடைய கணக்கில் நாள்களின் எண்ணிக்கைக்கு இடமே இல்லை.

மக்கள் நினைவோ வேறு வழியில் சென்றது. பிற்காலத்து ஔவையார்களையெல்லாம் ஒருவராக்கி, கோலூன்றிய பாட்டியாக்கி, பல நூற்றாண்டு வாழவைத்தது. புறநானூற்று ஔவையாரோ 89ஆம் பாடலில் தம்மை மையுண்ட கண்ணும் ஒளி நெற்றியும் உடைய விறலியாகக் காட்டுகிறார்! திருக்குறளின் 100ஆம் பாவுக்கு உரை வரைந்த பரிமேலழகரும், இனிய கனிக்கு எடுத்துக்காட்டாக ஔவை உண்ட நெல்லியையே சுட்டுகிறார். ஈந்தவன் பெயர் அங்கு இல்லை.

திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக் கண்டறியப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி ஈந்த பாளி, அதாவது உறைவிடம், என்பது அதன் செய்தி. ஈந்தவன் பெயர் கல்லில் இருக்கின்றது. யாருக்கு ஈந்தான் என்பது அதில் பொறிக்கப்படவில்லை.