கொச்சிக்குக் கிடைத்த நேரம்: வான் தாக்குதல் காப்பு, 1942–2022

பறக்கும் குண்டு என்றதும் 1944-இன் லண்டன்தான் நினைவுக்கு வரும். கொச்சியில் அப்படி எதுவும் விழவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்களும் அங்கே குண்டு போடவில்லை. ஆனாலும் வான் தாக்குதலைத் தடுக்கும் முறை எப்படி மாறியது என்பதை ஆராய இத்துறைமுகம் பொருத்தமான இடம். எச்சரிக்கைக்கும் வெடிப்புக்கும் இடையே எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதே ஒவ்வொரு கட்டத்திலும் காப்பின் வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறது.

1942 ஏப்ரல் 4 அன்று, இலங்கைக்குத் தென்கிழக்கே ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிப் படையைக் கனடிய விமானி பர்ச்சால் கண்டு செய்தி அனுப்பினார். அதனால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பெரும்பாலான கப்பல்களை வெளியேற்ற முடிந்தது. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலையில், கடைசி நிமிட எச்சரிக்கை மட்டும் வரவில்லை. ரத்மலானையில் ஹரிக்கேன் போர்விமானங்கள் தரையில் நிற்கும்போதே ஜப்பானியர் தலைக்கு மேல் வந்துவிட்டார்கள். ஒரு நாள் அவகாசம் கப்பல்களைக் காப்பாற்றியது. சில நிமிடங்கள் கிடைக்காததால் விமானங்கள் போயின. அடுத்த நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை காலியாகத் தொடங்கியது.

கொழும்பிலிருந்து கொச்சி சுமார் 500 கி.மீ. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ முகத்துவார மணல்திட்டை வெட்டி, 1928-இல் கப்பல்களை உள்ளே கொண்டுவந்த துறைமுகம் அது. சிங்கப்பூர் வீழ்ந்தபின் நேச நாடுகளுக்கு அதன் மதிப்பு பல மடங்கு கூடியது. 1943-இல் வெந்துருத்தி கடற்படைத் தளம் அமைந்தது. மட்டாஞ்சேரி யூதத் தெருவின் ரூபி டேனியல் 1944-இல் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார்.

துறைமுகத்தின் சிக்கல் ஆட்சி எல்லையில் இருந்தது. கோட்டைக் கொச்சி மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதை ஒட்டிய மட்டாஞ்சேரி கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. துறைமுகத்தின் வருவாய்ப் பங்கில் திருவிதாங்கூருக்கும் உரிமை இருந்தது. இருட்டடிப்பு இரவில் ஒரு கரையில் விளக்கணைத்து மறுகரையில் எரியவிட்டால் விமானிக்கு வழிகாட்டியதாகிவிடும். ஆகவே வான் தாக்குதல் முன்னெச்சரிக்கை (ஏ.ஆர்.பி.) ஏற்பாடு இங்கே மணல் வாளியோடு முடிகிற காரியமல்ல, அரசுகளுக்கிடையிலான உடன்பாடும் அதற்குத் தேவை. மட்டாஞ்சேரிக் கிடங்குகளை உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும்: தடித்த சுவர், மர உத்திரம், ஓட்டுக்கூரை, அதனடியில் மிளகு, சுக்கு, கொப்பரை, கயிறு. அந்தச் சுவர் குண்டுச் சிதறலைத் தாங்கலாம். தீக்குண்டு ஓட்டைத் துளைத்துக் கொப்பரையில் விழுந்தால் யாராலும் அணைக்க முடியாது.

எச்சரிக்கை நேரத்தின் அடுத்த கட்டத்தை லண்டனில் பார்க்கலாம். 1944 ஜூன் 13 அன்று முதல் வி-1 பறக்கும் குண்டு அங்கே விழுந்தது. ஆளில்லா விமானம், சுமார் 850 கிலோ வெடிமருந்து, மணிக்கு ஏறத்தாழ 640 கி.மீ. வேகம். கடற்கரையைத் தாண்டியபின் லண்டனுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. விமானிக்கு வழி மறைக்கும் இருட்டடிப்பு இதனிடம் பலிக்காது. உள்ளே கண்ணே இல்லையே! ஜூலை நடுவில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைத் தலைநகரைச் சுற்றியிருந்த இடங்களிலிருந்து தென்கடற்கரைக்கு மாற்றினார்கள். ராடார், கணக்கிடும் கருவி, இலக்கை நெருங்கினால் தானே வெடிக்கும் குண்டு மூன்றும் சேர்ந்தன. ஆகஸ்ட் 28 அன்று வந்த 90-க்கும் மேற்பட்டவற்றில் லண்டனை எட்டியவை நான்கே.

அடுத்த தலைமுறை ஆயுதம் கடலில் வந்தது. 1967 அக்டோபரில் இஸ்ரேலின் எய்லாட் கப்பலை மூழ்கடித்த சோவியத் ஸ்டைக்ஸ் ஏவுகணை, இறக்கை வைத்த ஆளில்லா விமானம்தான். 1971 டிசம்பரில் இந்தியப் படகுகள் அதையே கராச்சிக்கு எதிரே ஏவின. தாழ்வாகப் பறந்து வரும் ஏவுகணை கப்பலின் ராடாருக்குத் தொடுவானத்தில்தான் தென்படும். பிறகு இரண்டு நிமிடம் இருந்தாலே அதிகம். மனிதன் முடிவெடுக்கும் வேகம் இதற்குப் போதாது; கப்பலிலேயே தானாக இயங்கும் காப்பு வேண்டும். வில்லிங்டன் தீவுக்கு எதிர்க்கரையில் கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய, 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், பராக்-8 ஏவுகணைகளுக்கும் ஏகே-630 துப்பாக்கிகளுக்கும் இடம் வைத்தே வடிவமைக்கப்பட்டது. ஊரை இருட்டாக்கிக் காத்த காலம் போய், இலக்கே தன் காப்பைச் சுமக்கிறது.

கொச்சி சமஸ்தான ஆவணங்கள் எர்ணாகுளத்திலும், மதராஸ் மாகாணத்தவை சென்னை எழும்பூரிலும் இருக்கின்றன. 1942-இன் கொச்சியை எழுத வரும் தமிழ் ஆய்வாளர் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.