நுண்ணுயிரித் தடயவியல்

நுண்ணுயிரித் தடயவியல் என்பது, ஒரு நோய்க்கிருமி எங்கிருந்து வந்தது, எவ்வழியாகப் பரவியது, அப்பரவலில் மனிதச் செயலுக்குப் பங்கு உண்டா ஆகிய வினாக்களுக்கு நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய சான்றுகளைத் தேடும் அறிவியல் துறை ஆகும். மரபணுவியல், உயிர்தகவலியல், நோய்ப்பரவலியல், குற்றப் புலனாய்வு ஆகியன இதில் ஒன்றிணைகின்றன. 2001 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கடிதத் தாக்குதல்களுக்குப் பின்னர் இது தனித்துறையாக வளர்ச்சி பெற்றது. கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு அவற்றுக்கு இடையிலான உறவை அறியலாம். ஆனால் அவ்வுறவு மட்டுமே ஒருவரைக் குற்றவாளி எனக் காட்டிவிடாது என்பது இத்துறையின் அடிப்படைப் பாடமாகும்.

மனித டி.என்.ஏ ஆய்விலிருந்து வேறுபாடு

குற்ற வழக்குகளில் பயன்படும் டி.என்.ஏ அடையாள முறைக்கு 1984 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் வழிவகுத்தார். ஒரே கருவில் தோன்றிய இரட்டையர் நீங்கலாக, ஒவ்வொரு மனிதரின் டி.என்.ஏ அமைப்பும் தனித்தன்மை உடையது. எனவே குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த இரத்தத் துளியை ஒரு குறிப்பிட்ட மனிதருடன் பொருத்திப் பார்க்க முடிகிறது.

பாக்டீரியாக்களின் நிலை வேறு. ஒரு பாக்டீரியா இரண்டாகப் பிளந்து பெருகுகிறது. கோடிக்கணக்கான வழித்தோன்றல்கள் ஏறத்தாழ ஒரே மரபணுத்தொகுதியைக் கொண்டிருக்கும். ஓர் ஆய்வகம் தன் கிருமி மாதிரியை வேறு பல ஆய்வகங்களுக்கு அனுப்பியிருந்தால், எல்லா இடங்களிலும் ஒரே வகையே காணப்படும். ஆகவே இங்கு "இவ்விரு மாதிரிகளும் ஒத்திருக்கின்றனவா" என்பதோடு, "இதே போன்ற மாதிரி வேறு எங்கெல்லாம் இருக்கக்கூடும்" என்ற வினாவும் எழுகிறது. இரண்டாவது வினாவுக்கு விடை காணாமல் முதல் விடையால் பயனில்லை.

செயல்முறை

பிரித்தெடுக்கப்பட்ட கிருமியின் டி.என்.ஏ வரிசை முதலில் படிக்கப்படுகிறது. தொடக்க காலத்தில், மரபணுத்தொகுதியில் மீண்டும் மீண்டும் வரும் சிறு துண்டுகளின் எண்ணிக்கை மட்டும் ஒப்பிடப்பட்டது. மனித டி.என்.ஏ அடையாள முறையின் அடிப்படையும் இதுவே. இன்று முழு மரபணுத்தொகுதியும் படிக்கப்பட்டு, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடப்படுகிறது.

பெருகும்போது டி.என்.ஏ படியெடுத்தலில் அவ்வப்போது பிழைகள் நேர்கின்றன. இவை சடுதிமாற்றங்கள் எனப்படும். ஒரே சடுதிமாற்றத்தைப் பகிரும் மாதிரிகள் ஒரு பொது மூதாதையிடமிருந்து வந்தவை எனக் கொண்டு, கணினி நிரல்களின் உதவியுடன் கிளைமரம் ஒன்று வரையப்படுகிறது. மாற்றங்கள் நேரும் வேகம் தெரிந்திருந்தால், இரு கிளைகள் எக்காலத்தில் பிரிந்தன என்பதையும் மதிப்பிடலாம். எச்.ஐ.வி போன்ற வைரஸ்கள் விரைவாக மாறுவதால் சில மாதங்கள் அல்லது ஆண்டுகளில் நிகழ்ந்த பரவலையும் அவற்றில் காண இயலும். அடைப்பான் கிருமியோ வித்து நிலையில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும் இயல்புடையது. அதனால் அதில் மாற்றங்கள் மிகக் குறைவு.

நோய்க் கண்காணிப்புடன் தொடர்பு

தடயவியல் ஆய்வு தொடங்குவதற்கு முன்னர், நோய் பரவுகிறது என்பதை யாரேனும் கண்டறிந்திருக்க வேண்டும். 1993 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத இறைச்சியின் வழியாகப் பரவிய ஈ.கோலை பாக்டீரியாவால் 700 பேருக்கு மேல் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். அதன் பின்னர் 1996 இல் பல்ஸ்நெட் என்னும் ஆய்வக வலையமைப்பு ஏற்படுத்தப்பட்டது. வெவ்வேறு மாநிலங்களில் தொடர்பின்றித் தோன்றும் நோயாளிகளின் கிருமிகள் ஒரே மரபணு அமைப்பைக் காட்டினால், அவர்கள் ஒரே உணவால் நோயுற்றிருக்கலாம் என்று இவ்வலையமைப்பு எச்சரிக்கிறது.

இவ்வாறு சேரும் தரவுத்தளங்களே பின்னர் தடயவியல் ஒப்பீட்டுக்கும் அடித்தளமாகின்றன.

முக்கிய நிகழ்வுகள்

கமெய்டோ, 1993

சப்பானின் ஓம் சின்றிக்கியோ என்னும் மதக்குழு, 1993 ஆம் ஆண்டு கோடையில் தோக்கியோவின் கமெய்டோ பகுதியில் இருந்த தன் கட்டடத்தின் கூரையிலிருந்து ஒரு திரவத்தைத் தெளித்தது. துர்நாற்றம் குறித்து அருகில் வசித்தோர் முறையிட்டனர், எவருக்கும் அடைப்பான் நோய் கண்டறியப்படவில்லை. அப்போது திரட்டப்பட்ட மாதிரி பல ஆண்டுகளுக்குப் பின்னர் ஆராயப்பட்டது. அதில் இருந்த அடைப்பான் கிருமி, கால்நடைகளுக்குத் தடுப்பூசியாகப் பயன்படும் வலுவிழந்த ஸ்டெர்ன் வகையுடன் ஒத்திருந்தது. தாக்குதல் ஏன் தோல்வியுற்றது என்பதற்கு இது முக்கிய விளக்கமாக அமைந்தது.

அடைப்பான் கடிதங்கள், 2001

2001 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அடைப்பான் வித்துகள் அடங்கிய கடிதங்கள் ஐக்கிய அமெரிக்காவின் செய்தி நிறுவனங்களுக்கும் இரு செனட் உறுப்பினர்களுக்கும் அஞ்சலில் அனுப்பப்பட்டன. 22 பேர் நோயுற்றனர். அவர்களில் 5 பேர் இறந்தனர். அஞ்சல் ஊழியர்களும் இறந்தோரில் அடங்குவர். புளோரிடாவில் நோயாளி ஒருவரின் தண்டுவட நீரில் மருத்துவர் கண்ட கோல்வடிவ பாக்டீரியாவே முதல் துப்பாக அமைந்தது.

கடிதங்களில் இருந்தது ஏம்ஸ் வகை என வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தில் பால் கைம் தலைமையிலான குழு கண்டறிந்தது. 1981 இல் டெக்சாசில் இறந்த ஒரு பசுவிடமிருந்து பெறப்பட்ட இவ்வகை, பொதி உறையில் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகர முகவரி இருந்த காரணத்தால் தவறாக அப்பெயர் பெற்றது. அமெரிக்க இராணுவத்தின் ஃபோர்ட் டெட்ரிக் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்ட இவ்வகை, அங்கிருந்து வேறு ஆய்வகங்களுக்கும் வழங்கப்பட்டிருந்தது. எனவே வகையின் பெயர் மட்டும் புலனாய்வுக்குப் போதவில்லை.

கடிதத் தூளை வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்தபோது, பெரும்பான்மைத் திரள்களிலிருந்து தோற்றத்தில் மாறுபட்ட சில திரள்கள் காணப்பட்டன. அவற்றின் மரபணு மாற்றங்களுள் நான்கினைக் கண்டறியும் சோதனைகள் உருவாக்கப்பட்டன. பல ஆய்வகங்களிலிருந்து திரட்டிய 1,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளுள் எட்டில் மட்டுமே நான்கு மாற்றங்களும் சேர்ந்து காணப்பட்டன. அவை யாவும் ஃபோர்ட் டெட்ரிக்கில் ஆர்.எம்.ஆர்-1029 எனக் குறிக்கப்பட்ட குடுவையுடன் தொடர்புடையவை எனப் புலனாய்வாளர் முடிவு செய்தனர்.

அக்குடுவைக்குப் பொறுப்பாளராக இருந்தவர் புரூஸ் ஐவின்ஸ் என்னும் அறிவியலாளர். குற்றம் சாட்டப்படுவதற்கு முன்னரே, 2008 சூலையில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவரே குற்றவாளி என அறிவித்து, 2010 இல் அரசு வழக்கை முடித்துக்கொண்டது. நீதிமன்ற விசாரணை நடைபெறவில்லை. அதற்கு முன்னர் பல ஆண்டுகள் ஐயத்துக்கு உள்ளாக்கப்பட்டிருந்த ஸ்டீவன் ஹாட்ஃபில் என்னும் மற்றொரு அறிவியலாளர் 2008 இல் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் அரசு 58 இலட்சம் டாலர் மதிப்புள்ள இணக்கத் தீர்வுக்கு உடன்பட்டது.

2011 இல் வெளியான அமெரிக்க தேசிய ஆய்வு மன்றத்தின் அறிக்கை, கிடைத்த அறிவியல் சான்றுகளை மட்டும் கொண்டு கடிதக் கிருமியின் தோற்றுவாயைத் திட்டவட்டமாக முடிவு செய்ய இயலாது என்று கூறியது. குடுவையுடனான மரபணு ஒற்றுமை அத்தொடர்புக்கு இசைவானது. ஆனால் அதே மாற்றங்கள் வேறொரு வளர்ப்பில் தனியாகத் தோன்றியிருக்கும் வாய்ப்பும் உண்டு என்பது அதன் கருத்து.

பெங்காசி மருத்துவமனை வழக்கு

லிபியாவின் பெங்காசி நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எச்.ஐ.வி தொற்று கண்டறியப்பட்டது. வேண்டுமென்றே தொற்றை ஏற்படுத்தியதாகப் பல்கேரிய செவிலியர் ஐவர் மீதும் பாலத்தீன மருத்துவர் ஒருவர் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. 2004 இல் அறுவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஒப்புதல் வாக்குமூலங்கள் சித்திரவதையின் மூலம் பெறப்பட்டவை என அவர்கள் கூறினர். 2005 இறுதியில் தீர்ப்பு நீக்கப்பட்டு மறு விசாரணைக்கு ஆணையிடப்பட்டது.

2006 திசம்பரில் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, குழந்தைகளிடமிருந்து பெற்ற வைரஸ்களின் கிளைமரத்தை வரைந்தது. அவ்வைரஸ் மேற்கு ஆப்பிரிக்க வகைகளுக்கு நெருங்கியது என்றும், 1998 மார்ச்சில் அவர்கள் அம்மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே அங்கு பரவத் தொடங்கியிருந்தது என்றும் ஆய்வு காட்டியது. குழந்தைகள் பலரிடம் காணப்பட்ட கல்லீரல் அழற்சி சி வைரசும் மருத்துவமனைத் தூய்மைக் குறைவையே சுட்டியது. எனினும் அதே மாதத்தில் மரண தண்டனை மீண்டும் விதிக்கப்பட்டது. 2007 சூலையில் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டு, பல்கேரியாவுக்கு அனுப்பப்பட்ட அறுவரும் அங்கு விடுதலை பெற்றனர்.

எய்ட்டி வாந்திபேதி, 2010

2010 சனவரி நிலநடுக்கத்தால் சிதைந்த எய்ட்டியில், அவ்வாண்டு அக்டோபரில் வாந்திபேதி (காலரா) பரவியது. அண்மைத் தலைமுறைகள் அங்கு அந்நோயைக் கண்டதில்லை. ஆர்டிபோனிட் ஆற்றின் கிளையொன்றின் கரையில் இருந்த ஐக்கிய நாடுகள் அமைதிப்படை முகாமின் அருகில் முதல் நோயாளிகள் காணப்பட்டதைப் பிரெஞ்சு நோய்ப்பரவலியலாளர் ரெனோ பியாரூ பதிவு செய்தார். அம்முகாமில் நேபாளப் படையினர் இருந்தனர். 2011 இல் நேபாள, எய்ட்டி மாதிரிகளின் முழு மரபணுத்தொகுதிகள் ஒப்பிடப்பட்டபோது, சில இணைகளுக்கிடையே ஓரிரு எழுத்துகளே வேறுபட்டன. நோயாளிகளின் இருப்பிட வரைபடமும் மரபணு ஒப்பீடும் தனித்தனியே ஒரே திசையைக் காட்டியதால் இம்முடிவு வலுப்பெற்றது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்த இப்பரவலுக்காக, 2016 திசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் செயலாளர் பான் கி மூன் எய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கோரினார்.

வரம்புகள்

* தரவுத்தளத்தில் உள்ள மாதிரிகளுள் மிக நெருங்கியதையே கணினி காட்டும். உண்மையான மூலம் தரவுத்தளத்தில் இல்லையெனில், அடுத்த நெருங்கிய மாதிரி மூலம் போலத் தோன்றும்.
* இருவரின் வைரஸ்கள் ஒத்திருந்தாலும், யாரிடமிருந்து யாருக்குச் சென்றது, இடையில் மூன்றாமவர் இருந்தாரா என்பது பெரும்பாலும் உறுதியாவதில்லை.
* தொடக்ககால மாதிரிகள் இல்லையெனில் கிளைமரத்தின் வேர் தெளிவடைவதில்லை. கோவிட்-19 வைரசின் மரபணுத்தொகுதி 2020 சனவரியிலேயே வெளியிடப்பட்ட போதிலும், அதன் தோற்றுவாய் குறித்த விவாதம் நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.
* கிருமியின் மரபணுவில் நோக்கம் எழுதப்பட்டிருப்பதில்லை. விபத்தா, கவனக்குறைவா, குற்றமா என்பதைப் பிற சான்றுகளே தீர்மானிக்க வேண்டும்.

இக்காரணங்களால், ஒருவரைக் குற்றத்துடன் இணைப்பதைக் காட்டிலும், தொடர்பில்லாதவரை விலக்குவதிலேயே இத்துறையின் சான்று பெரும்பாலும் வலிமை மிக்கதாக உள்ளது. பெங்காசி ஆய்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

இவற்றையும் பார்க்க

* உயிர்தகவலியல்
* நோய்ப்பரவலியல்
* அடைப்பான்
* டி.என்.ஏ அடையாள முறை